ஊர்க்காரியம்: வாசகர் கேள்வியும் பதிலும்

வேளாண்மை வெட்டு முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் ஊர்க்காரியங்கள் தொடங்கிவிடும். கூத்து அரங்கேற்றம், சித்திரை விளையாட்டு, வைகாசியில் அம்மன் சடங்கு, அதன் பின்னே கதிர்காமப் பாதயாத்திரை. இவற்றைப் பொறுப்பெடுத்துச் செய்கிறவர்களிடமிருந்து வந்த கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் ஊரில் வடமோடிக் கூத்தொன்று பழகி முடியும் தறுவாயில் இருக்கிறது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் அனுமதி கிடைக்கும் என்கிறார்கள். விடியவிடிய ஆட வேண்டிய கூத்தை மூன்று மணித்தியாலமாகச் சுருக்கலாமா?
வாசகர், கொக்கட்டிச்சோலை

கூத்தைச் சுருக்க வேண்டாம், ஒலிபெருக்கியை விட்டுவிடுங்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதை உயர் நீதிமன்றம் 2007 இல் கட்டுப்படுத்தியது. விசேட நிகழ்வென்று தளர்வு கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி அரங்கேற்ற இரவைத் திட்டமிடக் கூடாது. பத்து மணிக்கு மைக் நிற்க, அதுவரை மைக்கில் கேட்டுப் பழகிய சனம் எழும்பிப் போய்விடும். தொடக்கத்திலிருந்தே மைக் இல்லையென்றால் அந்தச் சிக்கல் வராது.

கூத்து ஆடும் வட்ட அரங்கான வட்டக்களரி மைக்கை எதிர்பார்த்து உண்டானதல்ல. சனம் நாலு பக்கமும் நெருங்கி இருக்கும். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரித் தாளமும் களரிக்குள்ளேயே நிற்பார்கள். ஆடுபவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும்போது, முதல் தடவை காதில் விழாத சொல் இரண்டாம் தடவை விழும். மேடையில் மைக்கை நட்டால் நடப்பது வேறு. ஆடுபவர் மைக்கை விட்டு விலக முடியாமல் ஒரே இடத்தில் நிற்பார், ஆட்டம் செத்துவிடும். மத்தளம் மைக்கில் ஏறிப் பாட்டை மூடிவிடும்.

ஆகவே களரியை ஒழுங்காக அமையுங்கள். ஆடும் வட்டத்துக்கு 20 முதல் 25 அடி விட்டம் போதும். முன்வரிசைக்குப் பாய், அடுத்து வாங்கு, அதன் பின்னால் கதிரை, கடைசியில் நிற்பவர்கள். முன்னுக்குக் கதிரை போட்டால் பின்னால் பாயில் இருக்கும் கிழவிகளுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி ஆள் களரி விளிம்பிலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டைக் கெடுப்பதில் முதலிடம் மின்பிறப்பாக்கிக்கு. வெளிச்சத்துக்கு 50 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஆறு போதும், எல்லாம் சேர்த்தே 300 வாட்தான். பக்கத்து வீட்டிலிருந்து மின் எடுக்கலாம், இல்லாவிட்டால் சின்ன மின்பிறப்பாக்கியொன்றைக் காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கமாக 150 அடிக்கு அப்பால் ஒரு சுவருக்குப் பின்னால் வையுங்கள். விளக்குகளை 12 அடிக்குக் குறையாத கம்பத்தில் கட்டிச் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சரியுங்கள். கம்பம் பதிவாக இருந்தால் ஒரு பக்க விளக்கு எதிர்ப்பக்கச் சனத்தின் கண்ணில் அடிக்கும். வட்டக்களரியில் அதிகம் நடக்கும் பிழை இது.

நிலத்தை முந்தின நாளே செருக்கி, நெருஞ்சி முள்ளும் குறுணிக்கல்லும் பொறுக்கி, மாலையில் தண்ணீர் தெளித்து இறுகவிடுங்கள். அரங்கேற்றத்தன்று பின்னேரம் தெளித்தால் சதங்கைக்கால் வழுக்கும்.

ஒரு வேண்டுகோள். பேச்சையும் பொன்னாடையையும் கூத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். மாதக்கணக்காகக் கூத்துப் பாட்டுச் சட்டம் படித்து, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, உடுப்புக் கட்டி நிற்கிற பிள்ளைகளை ஒன்றரை மணித்தியாலம் பேச்சுக் கேட்க வைப்பது அநியாயம். கூடைபோல் விரிந்த கரப்புடுப்பின் பாரத்தோடு சரியாக இருக்கக்கூட முடியாது. கௌரவிப்பை அடுத்த நாள் வீட்டுக்கு வீடு ஆடப் போகும் முன் கோயில் வாசலில் வையுங்கள்.

சடங்கில் 600 பேருக்கு மதிய அன்னதானம் கொடுக்கிறோம். போனமுறை கடைசிப் பந்திக்குப் போன சோறு புளித்துவிட்டது, பூசணிக்காய்க் கறி நுரைத்துவிட்டது. சாமானும் நிறைய மிஞ்சியது. என்ன அளவில், எப்படிச் சமைப்பது?
வாசகி, தம்பிலுவில்

அளவை முதலில் சொல்லிவிடுகிறோம். பெரியவர், பிள்ளைகள் எல்லாரும் கலந்த கூட்டத்தில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குக் காணும். 600 பேருக்கு 75 கிலோ. மைசூர்ப் பருப்பு 12 கிலோ. சாம்பார், கத்தரிக்காய், பூசணி மூன்றுக்கும் சேர்த்து மரக்கறி 90 கிலோ. தேங்காய் பத்துப் பேருக்கு ஒன்றென்று 60, உடைத்துப் பார்த்து அழுகல் கழிக்க இன்னும் ஐந்து. சமையல், கழுவல், குடிநீர், கைகழுவல் எல்லாவற்றுக்கும் 2,000 லீற்றர் தண்ணீர் வேண்டும். தண்ணீர்ப் பவுசருக்குப் பிரதேச சபையிடம் இரண்டு கிழமைக்கு முன்பே கடிதம் கொடுங்கள். வைகாசியில் எல்லா ஊரிலும் சடங்கு, எல்லாருக்கும் அதே பவுசர்தான்.

75 கிலோவையும் ஒரேயடியாக உலையில் போடாதீர்கள். 25 கிலோவாக மூன்று தரம். மூன்றாவது கிடாரத்தை, முதல் பந்தி எழும்பிய பிறகு வரிசையைப் பார்த்து, 25 போடுவதா 10 போடுவதா என்று தீர்மானியுங்கள். மிச்சம் வராததற்கு இதுதான் வழி. 25 கிலோ அரிசிக்கு 120 லீற்றர் கொள்ளும் கிடாரம் வேண்டும். சின்னதில் திணித்தால் அடி குழையும், மேல் நறுக்கரிசியாக நிற்கும்.

சோறு ஏன் புளித்தது? விடியப்புறம் ஐந்து மணிக்கே முழுவதையும் வடித்து, பாயில் வெள்ளைத்துணி விரித்து, இடுப்பளவுக்குக் குவித்து, மேலே பொலித்தீன் மூடியிருப்பீர்கள். அனேகமான ஊர்களில் இதுதான் நடக்கிறது. குவியலின் மேற்பக்கம் ஆறிவிடும், உள்ளே மணித்தியாலக் கணக்காக இளஞ்சூடு நிற்கும். அந்தச் சூட்டில்தான் கிருமி பெருகும். பொலித்தீனில் முட்டிய ஆவி நீராகித் திரும்பச் சோற்றிலேயே விழும். பதினொரு மணிக்குக் கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள். வெளியே எடுத்த விரலில் சோறு நூலாக ஒட்டினால், மணத்தில் லேசாகக் கள்வாடை அடித்தால், அந்தக் குவியலைப் பந்திக்குக் கொடுக்கவே கூடாது. திரும்பச் சூடாக்கினால் சரிவரும் என்று சிலர் நினைக்கிறார்கள். பழுதான சோற்றில் உண்டாகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, வாந்திதான் மிஞ்சும்.

வடித்த சோற்றை ஒரு சாணுக்கு மேல் உயரம் வராமல் பரப்புங்கள், மெல்லிய துணியால் மட்டும் மூடுங்கள், வடித்து நாலு மணித்தியாலத்துக்குள் பரிமாறி முடியுங்கள். பன்னிரண்டு மணிப் பந்திக்கு முதல் கிடாரம் ஒன்பதுக்கு முன் இறங்கத் தேவையில்லை.

பூசணி நுரைத்ததற்குத் தேங்காய்ப்பால் காரணம். பால் விட்ட கறி வெயில் நாளில் நிற்காது. மரக்கறியைத் தண்ணீரிலும் மூன்றாம் பாலிலும் அவித்து வைத்து, முதற்பாலைப் பந்திக்கு அரைமணி முன் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். பாலையும் பந்திக்குப் பந்தி பிழிய வேண்டும், காலையில் மொத்தமாகப் பிழிந்து வாளியில் வைத்தால் அதுவே புளித்துவிடும். பருப்புக்கும் இதே முறை. சாம்பாரில் பால் இல்லை, புளி உண்டு. அது பின்னேரம் வரை தாங்கும், ஆகவே அதை முதலில் சமைத்து முடித்துவிடலாம். புளி விட்டதை அலுமினியக் கிடாரத்தில் நெடுநேரம் விடாமல் எவர்சில்வர் வாளிக்கு மாற்றுங்கள்.

அடுப்பின் இடமும் முக்கியம். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அடுப்பைப் பந்தலுக்கு மேற்கே போட்டால் பொறி முழுக்கக் கிடுகில் விழும். கிழக்குப் பக்கம், குறைந்தது 40 அடி தள்ளி, இரண்டு வாளி மணலும் ஒரு பீப்பாய் தண்ணீரும் பக்கத்தில்.

இலைக்கு வாழையிலை காணாவிட்டால் குளத்துத் தாமரையிலை இருக்கவே இருக்கிறது. பறித்ததும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், காய்ந்தால் மடிப்பில் கிழிந்து சாம்பார் ஒழுகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முன்கூட்டியே அறிவித்து, கிணற்றுக்குக் குளோரின் போடும் வேலையை அவரிடமே விடுங்கள். அளவு கிணற்றின் கொள்ளளவைப் பொறுத்தது, கைக்கணக்கில் அள்ளிப்போடும் காரியமல்ல.

சித்திரை விளையாட்டில் வழுக்குமரம் ஏறும்போது மரம் சரிந்துவிட்டது. நல்லகாலம், ஆருக்கும் பெரிய காயமில்லை. எங்கள் ஊர் முழுக்க மணல். எப்படி நடுவது? கயிறிழுத்தலுக்கு நைலோன் கயிறு பாவிக்கலாமா?
விளையாட்டுக் கழகத்தார், களுவாஞ்சிக்குடி

வழுக்குமரமாக நடும் கமுகுக்குப் பலமெல்லாம் வெளிப்பட்டையை ஒட்டிய வைரத்தில், நடு வெறும் மென்மையான சோறு. வழுவழுப்பாக வரட்டும் என்று ஆழமாகச் சீவினால் பலத்தைச் சீவி எறிகிறீர்கள். கணுவின் மேடுகளை மட்டும் தட்டி, மண்தாளால் தேயுங்கள். துளை இருக்கும் மரமும் பட்ட மரமும் வேண்டாம்.

மணல் நிலத்தில் 35 அடி மரத்துக்கு ஆறடி ஆழம் வேண்டும். குழியின் அடியில் மரத்தின் ஒரு பக்கத்திலும், தரைமட்டத்துக்கு ஓரடி கீழே எதிர்ப்பக்கத்திலும் மூன்றடித் தென்னங்குற்றியை மரத்தை ஒட்டிக் குறுக்கே படுக்க வையுங்கள். மரம் சரியப் பார்க்கும்போது அடி ஒரு பக்கமும் கழுத்து மறுபக்கமும் தள்ளும், அந்த இரண்டையும் குற்றிகள் பிடிக்கும். மற்ற இரு பக்கத்துக்கும் அதேபோல ஒரு சோடி. பிறகு ஓரடி மணல், தண்ணீர், உலக்கைக் குத்து. அடுத்த ஓரடி, தண்ணீர், குத்து. காய்ந்த மணலை எவ்வளவு குத்தினாலும் இறுகாது. சரிந்த மரங்களில் பெரும்பாலானவை இந்தத் தண்ணீர் விடாததால் சரிந்தவை.

உச்சியில் பரிசுக்கு மேலே மூன்று கயிறு கட்டி, மூன்று திசையில் 20 அடிக்குக் குறையாமல் இழுத்து, ஆப்புக்குப் பதில் மணல் நிரப்பிய சாக்கைப் புதைத்து அதில் கட்டுங்கள். முந்தின நாள் பத்தடி உயரத்தில் கயிறு போட்டு நாலு பேர் இழுத்துப் பாருங்கள். அடி அசைந்தால் திரும்பக் குத்த வேண்டும். பூசுவதற்குப் புதுக் கிறீஸ். வாகனத்திலிருந்து வடித்த பழைய ஒயில் தோலுக்கும் கண்ணுக்கும் கூடாது.

நைலோன் கயிறு வேண்டாம். அது இழுபடும், இழுபட்டு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். கையில் பற்றும்போதே வழுக்கி உள்ளங்கையைச் சுடும். தும்பு அல்லது சணல் கயிறு, சுற்றளவு 10 முதல் 12.5 சென்ரிமீற்றர். போட்டிக் கயிற்றின் நீளம் 33.5 மீற்றருக்குக் குறையக் கூடாது. அணிக்கு எட்டுப் பேர், நடுவில் சிவப்பு அடையாளம், இரு பக்கமும் 4 மீற்றரில் வெள்ளை அடையாளம். கையில் கயிற்றைச் சுற்றினவரையும் நுனியைச் சுருக்குப் போட்டு இடுப்பில் கட்டினவரையும் விசில் ஊதும் முன்பே நிறுத்துங்கள். விரல் துண்டாவது அப்படித்தான். பார்க்க வந்த சனமும் உற்சாகத்தில் ஓடிவந்து பிடித்தால் கயிறு தாங்கும் அளவு கடந்துவிடும், இரு பக்கமும் ஆட்களை நிறுத்தி மறியுங்கள்.

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊரில் தங்குவார்கள். பெரிய சமையல் சமைக்கிறோம், அவர்கள் கொஞ்சம்தான் சாப்பிடுகிறார்கள். வேறென்ன செய்யலாம்?
வாசகர், கோமாரி

நடப்பவர் வயிறு நிறையச் சாப்பிட்டால் அடுத்த நாள் நடக்க முடியாது. அவர்கள் விடியப்புறம் மூன்று நாலு மணிக்கே புறப்பட்டு, வெயில் ஏறமுன் நடந்து முடிக்கப் பார்ப்பார்கள். ஆகவே அந்த நேரத்துக்கு உப்புப் போட்ட கஞ்சியோ பிளேன்ரீயோ தயாராக இருந்தால் அதுதான் பெரிய உபகாரம். மதியத்துக்குச் சோறும் இரண்டு கறியும் மோரும் போதும். எண்ணெயில் பொரித்ததைத் தவிருங்கள்.

சமையலில் மிச்சம் பிடிக்கும் காசை மூன்று விடயத்துக்குச் செலவழிக்கலாம். குளிக்கக் கிணறும் பெண்களுக்கு மறைப்பும். படுக்க நிழலும் பாயும். கால் பார்க்க ஒரு மேசை. கொப்புளத்தின் தோலை உரிக்க விடாதீர்கள், கழுவித் துடைத்துச் சுத்தமான கோஸ் துணி வைத்துக் கட்டினால் போதும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பக்கெற்றும் வைத்திருங்கள்.

பாணமை தாண்டி உகந்தைக்குப் போய்விட்டால் அப்புறம் கூமுனைக் காடு, நாட்கணக்கில் கடையே கிடையாது. அவல், சத்துமா, பேரீச்சம்பழம் போன்ற காய்ந்த சாமானைத் துணிப்பையில் கட்டிக் கொடுங்கள், ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், தோளில் சுமக்கப் போவது அவர்கள்தான். பொலித்தீன் பை காட்டில் யானைக்கும் மானுக்கும் கேடு. உகந்தைக் காட்டுப்பாதை திறக்கும் நாளை ஆண்டுதோறும் முன்கூட்டி அறிவிப்பார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் உங்கள் ஊருக்குக் கூட்டம் எப்போது கூடுமென்று தெரிந்துவிடும்.

நோட்டீஸில் "வெள்ளி இரவு 12 மணிக்கு" என்று போட்டோம். பாதிச் சனம் வியாழன் இரவே வந்துவிட்டது. எப்படி எழுதுவது?
வாசகர், மண்டூர்

"வெள்ளிக்கிழமை இரவு விடிந்தால் சனி, 12.15 மணி" என்று போட்டு, இரண்டு நாளின் திகதியையும் எழுதுங்கள். தமிழ்த் திகதியையும் சேருங்கள், வயதானவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் காட்டி, எந்த நாள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேளுங்கள். அவர் யோசித்தால் திரும்ப எழுத வேண்டும்.