உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் மேடைப் பதிவுகளைக் கொஞ்ச நாளாகக் கேட்டு வருகிறேன். 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரிதான் உச்சம் என்கிறார்கள். கேட்டேன், பிடித்திருந்தது. பிறகு 1974ஆம் ஆண்டுப் பதிவுகள் இரண்டு கேட்டேன். பாடுகிறவர்களின் குரல் டெலிபோனில் வருவதுபோல் மெலிந்திருக்கிறது, சில வரிகளில் காணாமலே போகிறது. இவர்களுக்குப் பாட வராது, அதை மறைக்கத்தான் அந்த ஆண்டு மேடையில் அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் சுவர் கட்டினார்கள் என்கிறான் என் நண்பன். இசைத்தட்டில் கேட்டால் சரியாக இருக்குமா? தவறவிடக் கூடாத பத்து கச்சேரிகளை வரிசைப்படுத்திச் சொல்வீர்களா? நான் பெரும்பாலும் போனில், பஸ்ஸில் போகும்போது கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

இசைத்தட்டிலும் அதே குரல்தான் வரும். பதிவில் ஏறாததை எந்தத் தட்டாலும் தர முடியாது. வரிசை போட்டுத் தரமாட்டேன். 1965 முதல் 1995 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர்கள், ஒரே பாட்டை இரண்டு இரவு ஒரே மாதிரி வாசிக்காதவர்கள். அவர்களுக்கு ரேங்க் போட்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

ஆனால் அந்த டெலிபோன் குரல் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். உங்கள் காது மிகச் சரியாகக் கேட்டிருக்கிறது. அதை நம்பாமல் நண்பர் பேச்சுக்கு ஏன் தலையாட்டினீர்கள்? அந்தச் சுவர் எதையும் மறைக்கக் கட்டப்பட்டதல்ல. மறைப்பதற்கு இடமே இல்லாதபடி கட்டப்பட்டது. குரல் மெலிந்தது அதற்குக் கொடுத்த விலை.

வழக்கமான மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஸ்பீக்கர்கள் முன்னால் இரு பக்கமும் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். பாடுகிறவர் அவற்றுக்குப் பின்னால் இருப்பார். அவருக்குக் கேட்பது காலடியில் அவரைப் பார்த்து இருக்கும் சிறு ஸ்பீக்கர், அதாவது மானிட்டர் மட்டும். கூட்டத்துக்குக் கேட்பது மிக்ஸர் முன் உட்கார்ந்திருப்பவர் கலந்து தருவது. வாசிக்கிறவர் ஒன்றைக் கேட்கிறார், கேட்க வந்தவர் வேறொன்றைக் கேட்கிறார். ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் அந்தக் கணமே திசை மாற்றும் இசைக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. குழுவின் ஒலிப் பொறுப்பாளர்கள் ஔஸ்லி ஸ்டான்லி, டான் ஹீலி, ஒலிக்கருவிகள் செய்யும் அலெம்பிக் நிறுவனத்தின் ரான் விக்கர்ஷாம் ஆகியோர் யோசித்தது இதைத்தான். எல்லா ஸ்பீக்கர்களையும் வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் அடுக்கிவிட்டால் மேடைக்கும் கூட்டத்துக்கும் ஒரே ஒலி. மானிட்டரே வேண்டாம். அவரவர் வாத்தியத்தின் சத்தத்தை அவரவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

1974 மார்ச் 23 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியின் கௌ பேலஸ் அரங்கில் அது முழு உருவில் நின்றது. அறுநூற்றுச் சொச்சம் ஸ்பீக்கர்கள், 75 டன், நான்கு டிரெய்லர் லாரிகள். இந்த எண்களைத்தான் எல்லோரும் வாய் பிளந்து சொல்கிறார்கள். எனக்கு முக்கியம் வேறு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஸ்பீக்கர் வரிசை. பேஸ் கிடாரின் தாழ்ந்த ஒலியும் குரலும் ஒரே ஸ்பீக்கரில் போனால், பேஸுக்காக ஸ்பீக்கரின் கூம்பு பெரிதாக முன்னும் பின்னும் ஆடும்போது அதன்மேல் ஏறிவரும் குரல் கலங்கிவிடும். தனித்தனியாகப் போனால் அந்தக் கலங்கல் இல்லை. ஃபில் லெஷ்ஷின் பேஸுக்கு 32 அடி உயரத்தில் இரண்டு தூண்கள், ஒவ்வொன்றிலும் 15 அங்குல ஸ்பீக்கர் 18. ஏன் அவ்வளவு உயரம்? பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 27 அடிக்கு மேல். தூண் அலையைவிட நீளமாக இருந்தால்தான் ஒலி மேலும் கீழும் சிதறாமல் நேரே போகும். ஒற்றை ஸ்பீக்கரின் ஒலி, தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் இறங்கும். நீண்ட தூணின் அருகாமையில் 3 டெசிபல்தான் இறங்கும். முன் வரிசையின் காதைக் கிழிக்காமல் 600 அடி தள்ளி நிற்பவருக்கும் தெளிவாகக் கேட்டது அதனால்தான்.

இப்போது குரலுக்கு வருவோம். ஸ்பீக்கர் பின்னால், மைக் அதற்கு முன்னால் என்றால் என்ன ஆகும்? மைக் கூவும். ஊர்க் கல்யாணத்தில்கூடத் தெரியும் விஷயம். இவர்கள் கண்ட வழி: ஒரு மைக்குக்குப் பதில் இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக, 60 மில்லிமீட்டர் இடைவெளியில். இரண்டின் மின் இணைப்பும் எதிரெதிர். சுவரிலிருந்து வரும் ஒலி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும், ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். மேல் மைக்கில் உதட்டை ஒட்டிப் பாடுகிறவரின் குரல் மட்டும் மிஞ்சும்.

அந்த 'ஒட்டி' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உதடு மேல் மைக்கிலிருந்து 1 செ.மீ. என்றால் கீழ் மைக்கிலிருந்து சுமார் 6.1 செ.மீ. மேலே 1 பங்கு விழுந்தால் கீழே 0.16 பங்கு. கழித்தால் 0.84. நல்ல குரல். அதே ஆள் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து 6 செ.மீ. தள்ளிப் பாடுகிறார். மேலே 0.17, கீழே 0.12. மிச்சம் 0.05. சாதாரண மைக்கில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டிய குரல், இங்கே பதினேழில் ஒரு பங்காகிவிட்டது. மூன்று விரற்கிடைதான் நகர்ந்தார்!

அதிலும் எல்லாச் சுருதியும் சமமாகக் குறைவதில்லை. தாழ்ந்த அதிர்வுகளின் அலை நீளமானது. 6 செ.மீ. இடைவெளியில் அதில் மாற்றமே தெரியாது, அதனால் முழுசாகக் கழிந்துபோகும். மேல் அதிர்வுகளின் அலை குட்டையானது, ஒரு மைக்கிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் ஏற்றம் இறக்கமாக மாறிவிடும், கழியாது. குரலின் நெஞ்சு போய் மூக்கு மட்டும் நிற்கிறது. நீங்கள் கேட்ட டெலிபோன் அதுதான். மூவாயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினால், உயரத்திலிருந்து சாய்வாக இறங்கும் சுவரின் ஒலியும் சரியாகக் கழியாமல் குரலோடு நுழையும். குரல் மெலிகிற இடத்தில் டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சிதறலும் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

கிடாரைப் பார்த்துக்கொண்டே பாடும் ஜெர்ரி கார்சியா, பாப் வியர், லெஷ், பக்கத்தில் பாடகி டோனா ஜீன் காட்ஷோ. இவர்கள் ஒவ்வொரு சொல்லிலும் உதட்டை அசைக்காமல் அங்கேயே ஒட்டி வைத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாட வராது என்று சொல்வது அநியாயம். உங்கள் நண்பரிடம் கணக்கைக் காட்டுங்கள்.

கார்னெலில் குரல் உருண்டையாக இருந்தது உங்களுக்குப் பிடித்ததல்லவா? பார்ட்டன் ஹாலில் அன்று பெட்டி கேன்டர்-ஜாக்சன் செய்த பதிவு அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் சுவர் போய்விட்டது. சுவரை ஏற்றி இறக்க நேரம் போதாமல் மேடைச் சாரம் இரண்டு செட் வைத்திருந்தார்கள். ஒன்றில் கச்சேரி நடக்கும்போது மற்றது அடுத்த ஊரில் ஏறும். எரிபொருள் விலை ஏறிய காலம் வேறு. 1974 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவு வாசித்துவிட்டு ஓய்வுக்குப் போனார்கள். 1976இல் திரும்பியபோது சாதாரண மைக், காலடியில் மானிட்டர். குரல் திரும்ப வந்தது. ஒரே காற்றில் எல்லோரும் எல்லோரையும் கேட்டு வாசித்தது திரும்ப வரவில்லை. குரலை இழந்து அதைப் பெற்றது சரியான பேரம் என்றே இன்றும் சொல்வேன்.

போன் ஸ்பீக்கரில் கேட்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். 41 ஹெர்ட்ஸை அது தொடவே தொடாது. 32 அடித் தூணைக் கட்டியவர்களின் உழைப்பை அவரை விதை அளவு ஓட்டையில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காதை மூடும் ஹெட்போன் போதும். குரலைத் தடிமனாக்க ஈக்வலைசரில் 200, 300 ஹெர்ட்ஸைத் தூக்காதீர்கள், பேஸும் பியானோவின் இடது கையும் சேர்ந்து வீங்கிவிடும்.

1974 மே 21, சியாட்டல், ஹெக் எட்மண்ட்சன் பெவிலியன். அன்று 'ப்ளேயிங் இன் தி பேண்ட்' என்ற பாட்டு 46 நிமிடம் போகிறது, பெரும்பகுதியில் யாரும் பாடுவதே இல்லை. முதல் தடவை லெஷ்ஷை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது தடவை கீத் காட்ஷோவின் பியானோ. அன்று டிரம்ஸுக்கு பில் க்ரூட்ஸ்மன் ஒருவர்தான், அதனால் நடுவில் எவ்வளவு இடம் திறந்து கிடக்கிறது என்று தெரியும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.