ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு

கேள்வி: கச்சா எண்ணெய் விலை சரிந்துவிட்டதாகச் செய்தியில் படிக்கிறோம்; பங்க்கிலோ பெட்ரோல் விலை அசைவதே இல்லை. ஏறும்போது மட்டும் மறுநாளே ஏறிவிடுகிறதே, இது எந்த ஊர் நியாயம்?
- சரக்கு வாகனம் வைத்துத் தொழில் செய்யும் வாசகர்

பதில்: தாங்கள் கவனித்ததைப் பொருளியலாளர்களும் கவனித்திருக்கிறார்கள். பிரிட்டனின் பெட்ரோல் சந்தையை ஆராய்ந்து 1991-இல் கட்டுரை வெளியிட்ட ராபர்ட் பேக்கன், விலை ஏறுவதை ராக்கெட்டுக்கும் இறங்குவதை இறகுக்கும் ஒப்பிட்டார். விலை ஏறும் நாட்களில் நாம் பங்க் பங்க்காக விசாரித்து அலைகிறோம். சற்று இறங்கியதும் அலைச்சலை நிறுத்திவிடுகிறோம். விற்பவருக்கும் அவசரம் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் வரி. பல நாடுகளில் எரிபொருள் வரி விலையின் சதவீதமாக அல்லாமல், லிட்டருக்கு இத்தனை என்று நிலையான தொகையாக விதிக்கப்படுகிறது. ஒரு கணக்குக்காக, லிட்டர் விலை 100 என்றும், அதில் கச்சா எண்ணெய் 40, சுத்திகரிப்பு, போக்குவரத்து, விற்பனையாளர் கமிஷன் எல்லாம் சேர்ந்து 10, வரி 50 என்றும் வைத்துக்கொள்வோம். கச்சா எண்ணெய் விலை பாதியாகக் குறைந்தாலும் பங்க்கில் 20 மட்டுமே குறையும். செய்தியில் 50 சதவீதச் சரிவைப் படித்துவிட்டு வண்டியை நிறுத்துகிறவருக்கு இந்த 20 கண்ணில் படுவதில்லை. அந்தச் சமயம் பார்த்து அரசு வரியைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் அந்த 20-உம் கரைந்துவிடும். இதே வரி ஏற்றத்தின்போது தடுப்பாகவும் செயல்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: மேற்சொன்ன கணக்கில் கச்சா எண்ணெய் இரட்டிப்பானாலும் பங்க் விலை 40 சதவீதம்தான் ஏறும். (அதற்காக அரசுக்கு நன்றிக் கடிதம் எழுதியவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.)

வரிக்கு மேல் வரி என்று முணுமுணுப்பதும் வெறும் வாய்ப்பேச்சு அன்று. பிரிட்டனில் 2022 மார்ச்சில் ஐந்து பென்ஸ் குறைக்கப்பட்ட பிறகு லிட்டருக்கான எரிபொருள் வரி 52.95 பென்ஸ் ஆனது; மதிப்புக் கூட்டு வரியான 20 சதவீதம் அந்த வரியையும் சேர்த்த விலை மீதே கணக்கிடப்படுவதால், வரித்தொகைக்கு மட்டுமே இன்னும் 10.59 பென்ஸ் கட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: மக்கள் இவ்வளவு குமுறியும் அரசுகள் ஏன் இந்த வரியை விட மறுக்கின்றன? போராடி எங்கேனும் பலன் கிடைத்திருக்கிறதா?
- ஆசிரியப் பணியில் இருக்கும் வாசகி

பதில்: வசூலிப்பதற்கு இவ்வளவு சுலபமான வரி வேறு அதிகம் இல்லை. வருமான வரிக்கு லட்சக்கணக்கானோரின் கணக்கைத் துருவ வேண்டும். எரிபொருள் வரியையோ சில சுத்திகரிப்பு ஆலைகளின், கிடங்குகளின் வாசலிலேயே பிடித்துவிடலாம். விலை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் மறுநாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதும் கருவூலத்துக்குத் தெரியும்.

போராட்டங்களுக்குப் பலன் இருந்திருக்கிறது. 2000 செப்டம்பரில் பிரிட்டனின் விவசாயிகளும் லாரி ஓட்டுநர்களும் ஸ்டான்லோ சுத்திகரிப்பு ஆலையின் வாசலை மறித்தனர். டேங்கர்கள் வெளியே வராததால் சில நாட்களிலேயே நாடெங்கும் பங்க்குகள் வறண்டன. எரிபொருள் வரியை ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு மேல் உயர்த்திச் செல்லும், 1993-இல் தொடங்கிய ஏற்பாடு முந்தைய ஆண்டே கைவிடப்பட்டிருந்தது என்பதுதான் விந்தை. ஆண்டுக்கணக்கில் ஏறிய சுமை அப்படியே இருக்க, கச்சா எண்ணெய் விலையும் சேர்ந்து ஏறியபோதுதான் பொறுமை உடைந்தது.

பிரான்சில் 2019 ஜனவரி முதல் டீசலுக்கு 6.5 சென்ட்டும் பெட்ரோலுக்கு 2.9 சென்ட்டும் வரி கூடவிருந்தது. 2018 நவம்பர் 17 அன்று மக்கள் தெருவுக்கு வந்தனர். ஒவ்வொரு காரிலும் மஞ்சள் மேலங்கி இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்லியிருந்ததால், போராட்டச் சீருடை ஏற்கெனவே அவரவர் வண்டியில் கிடந்தது! டிசம்பர் முதல் வாரத்திலேயே அந்த உயர்வு கைவிடப்பட்டது. அவர்களைக் கொதிக்க வைத்தது அந்தச் சில சென்ட்டுகள் மட்டுமல்ல என்றே நான் நினைக்கிறேன். பெருஞ்செல்வர்கள் மீதிருந்த சொத்து வரி அதே ஆண்டில் நீக்கப்பட்டிருந்தது. தம்மிடம் இறுக்கிப் பிடிப்பவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கையைத் தளர்த்துகிறார் என்று தெரிந்தால் எவருக்குத்தான் பொறுக்கும்?

வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கோபம் தணிவதாகத் தெரியவில்லை. கனடாவின் மத்திய அரசு எரிபொருள் மீது விதித்த கார்பன் கட்டணத்தில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பித் தந்தது. அப்படியிருந்தும் 2025 ஏப்ரல் 1 முதல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. கட்டணம் டேங்க் நிரப்பும்போதெல்லாம் உறுத்தியது. திரும்பி வந்த தொகையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை சத்தமில்லாமல் வங்கிக் கணக்கில் விழுந்தது.

கேள்வி: குறிப்பிட்ட ஒரு நாளில் எவரும் பெட்ரோல் போடாமல் இருந்தால் விலை குறையுமா?
- கல்லூரி மாணவர்

பதில்: குறையாது. அந்த நாளுக்கு முந்தைய மாலையே எல்லோரும் டேங்க்கை நிரப்பிக்கொள்வார்கள். அல்லது மறுநாள் காலை வரிசையில் நிற்பார்கள். வாரக் கணக்கில் விற்பனை அப்படியே இருக்கும். அதற்குச் செலவிடும் உற்சாகத்தில் கொஞ்சத்தை, லிட்டர் விலையில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, வரியின் பங்கு எவ்வளவு என்று ரசீதிலேயே தனித்தனியாக அச்சிட வேண்டும் எனக் கேட்பதில் செலவிடலாம்.