நன்றி என்பது சொல் அல்ல – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

'மேட் மென்' தொடரின் நான்காம் சீசனில் வரும் 'தி சூட்கேஸ்' எபிசோடைப் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் பார்த்தோம். ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நான், என் கணவர், அக்கா, மாமா நாலு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் சண்டை வந்துவிட்டது.

விளம்பர ஆபீஸில் எழுத்து வேலை செய்யும் பெக்கி தன் பிறந்தநாள் விருந்தை விட்டுவிட்டு ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கிறாள். நீங்கள் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லையே என்று மேலதிகாரி டானிடம் பொருமுகிறாள். பணம் கொடுப்பது பிறகு எதற்காம் என்று டான் கத்துகிறான். என் கணவர், "அவன் சொல்றதுல என்ன தப்பு? நான் பேங்க்ல தினமும் லோன் பேப்பர் ரெடி பண்றேன். மேனேஜர் ஒவ்வொண்ணுக்கும் தேங்க்ஸ் சொல்லிட்டிருப்பாரா?" என்றார். மாமா, "இது லவ் ஸ்டோரிம்மா, உனக்குத்தான் புரியல" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து காப்பி போடப் போய்விட்டாள். எனக்கு டான்மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கடைசிவரை அவன் நன்றி சொல்லவே இல்லையே ஐயா? கையைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இதைப் போய் இத்தனை பேர் கொண்டாடுகிறார்களே! மலையிலிருந்து இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

என் ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. நான் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். பார்டர், முந்தி, புட்டா எல்லாமே. எங்கள் முதலாளி நல்லவர். ஒண்ணாம் தேதி சம்பளம் தவறாது. ஆனால் வெளியூர் வியாபாரிகள் வந்தால், நான் போட்ட டிசைனை என் எதிரிலேயே விரித்து வைத்து, "இது நம்ம மனசுல தோணினது" என்பார். நான் பக்கத்தில் நின்று சேலையை மடித்துக்கொண்டிருப்பேன். இது நான் போட்டது என்று சொல்ல ஆசைப்படுவது அற்பத்தனமா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

ம.,
அம்மாபேட்டை, சேலம்


அன்புள்ள ம. அவர்களுக்கு,

அற்பத்தனம் இல்லை. நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேரான பதில் இதுதான். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மற்றதெல்லாம்.

இதைப் படிக்கும் எல்லோரும் அந்தத் தொடரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் கதை. 1960களின் நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றைப் பற்றிய தொடர் இது. 2007இல் தொடங்கி 2015இல் முடிந்தது. நீங்கள் பார்த்த எபிசோட் 2010 செப்டம்பரில் ஒளிபரப்பானது. கதை நடப்பது 1965 மே 25. முகமது அலியும் சோனி லிஸ்டனும் குத்துச்சண்டையில் இரண்டாம் முறை மோதிய இரவு. ஆபீஸே சண்டையைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது. பெக்கிக்கு அன்றைக்கு இருபத்தாறு வயது நிறைகிறது. ஓட்டலில் காதலனும் குடும்பமும் காத்திருக்கிறார்கள். டான் அவளைப் போகவிடாமல், சாம்சனைட் பெட்டி விளம்பரத்துக்கு யோசனை சொல் என்று உட்கார வைத்துவிடுகிறான்.

மாமாவின் காதல் கட்சியை ஒரு வரியில் தள்ளிவிடுகிறேன். தொடரின் முதல் எபிசோடிலேயே, புதிதாக வேலைக்கு வந்த பெக்கி, இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் போல என்று நினைத்து டானின் கைமேல் கை வைக்கிறாள். அவன் அதை விலக்கிவிடுகிறான். அந்தக் கதவு அங்கேயே சாத்தப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் கை நமக்குப் பிறகு தேவைப்படும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். டான் ஒரு தரைமெழுகு விளம்பரத்துக்குப் பெரிய விருது வாங்கியிருக்கிறான். இருட்டு அலமாரிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பையன் என்ற விதை பெக்கியுடையது. அதை விளம்பரமாக்கியது டான். இருவர் சொல்வதும் உண்மைதான், அதனால்தான் அந்தச் சண்டை அப்படிச் சுடுகிறது. டான் பொய் சொல்லியிருந்தால் நாம் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். விதையை மரமாக்கியவன் தானே என்று அவன் மனதார நம்புகிறான். உங்கள் முதலாளியும் மனதார நம்பித்தான் சொல்வார். பாவு வாங்கிக் கொடுத்தவர் அவர், தறி அவருடையது, வியாபாரியைப் பிடித்தவர் அவர். அதற்கு நடுவில், "இந்த அன்னத்தோட கழுத்தை இப்படித் திருப்பினா நல்லாருக்கும்" என்று ஒரு மத்தியானம் திரைக்கு முன்னால் உங்களுக்குத் தோன்றியதே, அது அவர் கணக்கில் எந்தப் பக்கத்திலும் ஏறாது.

டானைப் பற்றி இன்னொன்று கவனித்தீர்களா? அது அவன் பெயரே அல்ல. அவன் பிறந்தபோது வைத்த பெயர் டிக் விட்மன். கொரியப் போரில் இறந்துபோன ஓர் அதிகாரியின் பெயரை எடுத்துக்கொண்டு வாழ்கிறவன். இந்த உண்மை தெரிந்தும் அவனை அன்பாக ஏற்றுக்கொண்டவர் அந்த அதிகாரியின் மனைவி ஆனா. அன்றைக்கு மேசைமேல் கிடக்கும் சீட்டு, கலிபோர்னியாவிலிருந்து போன் வந்தது, உடனே கூப்பிடவும் என்று சொல்கிறது. அந்த ஆனா அங்கே புற்றுநோயில் கிடக்கிறார். கூப்பிட்டால் என்ன செய்தி வரும் என்று அவனுக்குத் தெரியும். கூப்பிடாமல் இருக்கத்தான் அவனுக்கு ஒரு வேலை வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும். பெக்கியின் பிறந்தநாள் அதற்குத்தான் பலியாகிறது. தன் சொந்தப் பெயரைப் புதைத்துவிட்டவனிடம் போய், என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று ஒரு பெண் கேட்கிறாள். அவனுக்கு அந்தக் கேள்வியே காதில் ஏறாது. பணம் என்றுதான் அவனால் பதில் சொல்ல முடியும். இதை அவன் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை. அந்த வாக்கியம் மனிதனுக்குள் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரியும். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

1994. சேலத்தில் ஒரு சின்ன விளம்பர ஆபீஸில் எழுத்து வேலை எனக்கு. சினிமா தியேட்டர் ஸ்லைடு, பிட் நோட்டீஸ், சுவர் விளம்பரம், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதற்கான வாசகம். எனக்குக் கீழே ஒரு பெண் இருந்தார். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கறுப்பு மை பூசிக் காயவைத்து, ஊசியால் கீறி எழுத்து எடுப்பார். 'ழ'வின் கால் வளைவு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். முடித்ததும் மைத்தூளை வாயால் ஊத மாட்டார், எச்சில் பட்டால் எழுத்தோரம் கரைந்துவிடும் என்று கோழி இறகால் தள்ளிவிடுவார். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் திருவிழா நெருங்குகிறது. ஒரு ஜவுளிக்கடைக்கு வாசகம் வேண்டும். மூன்று நாளாக எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அம்மனுக்குக் கூழு, அம்மாவுக்கு நூலு." நான் அதற்கு முன்னால் 'ஆடி வந்தாச்சு' என்று சேர்த்தேன். அவ்வளவுதான் என் பங்கு. கடைவீதி முழுக்க அந்த வரி ஒலித்தது. தெருப் பிள்ளைகள் விளையாடும்போதுகூடச் சொன்னார்கள். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டு வேட்டி கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தேன்.

அந்தப் பெண் வேட்டியைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, அது ஆரு சொன்னதுன்னு கடைக்காரருகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. வேட்டியில் அவருக்குப் பங்கு வேண்டியிருக்கவில்லை, அது எனக்கு அப்போதே தெரியும். நான் சொன்னேன்: "அதுக்குத்தானம்மா மாசம் பொறந்தாச் சம்பளம் வாங்கறே?"

அவர் திரும்பி அடுத்த கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வரியும் சொன்னதில்லை. கேட்டால், "எனக்கென்னங்கண்ணா தெரியும்" என்பார். ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த வாக்கியத்தை நான் கருமித்தனத்தால் சொல்லவில்லை. எனக்கு வராத வரி அவருக்கு வந்துவிட்டது, இனி எனக்கு வராமலே போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னேன். முப்பது வருஷமாக அது என்னைக் குடைகிறது. டான் கத்தும் அந்த இடத்தில் எல்லோரும் டானையும் பெக்கியையும் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது ஜன்னலோரம் தூக்கிப் பிடித்த அந்தக் கண்ணாடி.

உங்கள் கணவரின் கேள்வியைக் கோபமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில், தறிக்கூடங்களில் யாரும் வாய்விட்டு நன்றி சொல்வதில்லை என்பது உண்மை. ஆனால் வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர் வைத்தார். அங்கே நன்றி என்பது சொல் அல்ல, செய்த நன்மை. அதை அறிய வேண்டும் என்கிறார். இதைச் செய்தவர் இவர் என்று தெரிந்து வைத்திருப்பதும், தெரிய வேண்டிய இடத்தில் அதைத் தெரியப்படுத்துவதும் அந்த அறிதலுக்குள் வரும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பெக்கி கேட்பதும் அதையே. ஆங்கிலத்தில் அவளுக்குக் கிடைத்த சொல் மரியாதைக்குச் சொல்லும் சொல்லாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கணவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அவர் தயார் செய்யும் லோன் பேப்பரில் அவர் கையெழுத்து இருக்கிறதா இல்லையா? இருக்கும். தயாரித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர் என்று வங்கி ஒவ்வொரு காகிதத்திலும் எழுதி வைக்கிறது. மேனேஜர் வாயால் சொல்ல வேண்டியதைக் காகிதம் சொல்லிவிடுகிறது. உங்கள் சேலையில் அப்படி ஒரு மூலை இல்லை. ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும்போது சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டியிருப்பீர்கள். டி.ஆர். சுந்தரத்தின் அந்த ஸ்டுடியோவில் எழுதியவர், நடித்தவர் எல்லாம் மாதச் சம்பளக்காரர்களாக இருந்தார்கள். மு. கருணாநிதியும் அங்கே சம்பளத்துக்கு வசனம் எழுதியவர்தான். சம்பளமும் கொடுத்தார்கள், திரையில் பெயரும் போட்டார்கள். ஒன்றைக் கொடுத்தால் மற்றதைக் கொடுக்க வேண்டாம் என்று நம் ஊர்த் தொழில் ஒன்றும் சொல்லவில்லை.

இனி அந்தக் கை. விடிந்த பிறகு டான் போன் செய்து மரணச் செய்தியைக் கேட்டு, பெக்கி முன்னால் உடைந்து அழுகிறான். தன்னை அறிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்கிறான். அப்படி இல்லை என்கிறாள் அவள். பிறகு, அலி லிஸ்டனின் மேல் நிற்கும் புகைப்படத்திலிருந்து பெட்டி விளம்பரத்துக்குப் படம் போட்டுக் காட்டும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். முதல் எபிசோடில் விலக்கிய அதே கை. பார்த்தவர்கள் பலருக்குக் கண் கலங்கியது இங்கேதான், எனக்கும்தான். ஆனால் அது போதாது என்ற உங்கள் பக்கம்தான் நான். தொடரை எழுதியவர்களும் போதாது என்றே நினைத்திருக்கிறார்கள். அடுத்த சீசனில், 2012இல் வந்த ஓர் எபிசோடில், டான் ஒரு கட்டுப் பணத்தை பெக்கியின் முகத்தில் வீசுகிறான். வாயால் சொன்னதை அப்போது கையால் செய்கிறான். அவள் வேலையை விட்டுப் போகிறாள். விடைபெறும்போது அவள் நீட்டிய கையை அவன் விடாமல் பிடித்து முத்தமிடுகிறான். அவள் போய்விடுகிறாள், போனதும் லிப்ட் வாசலில் அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு. அதையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உங்கள் ஆத்திரம் எங்கே போகிறதென்று.

நீங்கள் என்ன செய்யலாம்? வியாபாரி எதிரில் பேசாதீர்கள். முதலாளி தனியாக இருக்கும் காலை நேரத்தில், "அடுத்த தடவை காட்டும்போது, இது இந்தப் பொண்ணு போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேளுங்கள். சம்பள உயர்வோடு சேர்த்துக் கேட்காதீர்கள். சேர்த்தால் அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார். நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒருவேளை யாரும் கேட்காததால் அவருக்குத் தோன்றாமலே இருந்திருக்கலாம். சொல்லவே மாட்டேன் என்றால் வேறு இடம் பார்க்க யோசியுங்கள். அக்காவிடமும் ஒரு நாள் பேசுங்கள். நாலு பேர் பார்த்த படத்தில் ஒருவர் மட்டும் பேசாமல் எழுந்து போனார் என்றால், அவருக்கும் ஒன்று இருக்கிறது.

ஸ்லைடு எழுதிய அந்தப் பெண்ணை உங்கள் கடிதம் வந்ததிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய சகா ஒருவர், அவர் திருப்பூர்ப் பக்கம் இருப்பதாகச் சொன்னார். கேட்காமல் அவர் பெயரை இங்கே எழுதுவது முறையில்லை. அனுமதி கிடைத்த அன்றைக்கு அந்த வரியையும் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன்.

அந்த அன்னத்தின் கழுத்தை நான் சும்மா கற்பனையாகத்தான் எழுதினேன். உண்மையில் நீங்கள் போட்டதில் உங்களுக்கு மிகவும் பிடித்த பார்டர் எது, அதற்கு மனதுக்குள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், எந்தக் கடையில் கிடைக்கும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். என் மனைவியோடு போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்.