மலைப்பாதையில் கொதித்த கார்: பட்டறைமீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல். கார் ஓட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு, தொழில் வேறு. கடந்த ஆண்டு இங்குள்ள ஒரு பட்டறையில் பெரிய இன்டர்கூலரும் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விப்பது) அலுமினிய ரேடியேட்டரும் பொருத்திக்கொண்டேன். கொடுத்தது 2,85,000 ரூபாய்; ஒரு லட்சம் வங்கி வழியாக, மீதி ரொக்கமாக. பில் தரவில்லை, எஸ்டிமேட் தாளும் ரொக்கம் வாங்கியதை ஒப்புக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தியும் மட்டும் இருக்கின்றன. கூலியில் 38,000 ரூபாய் பாக்கி. 'பிறகு கொடுங்கள்' என்று சொல்லிக் காரைத் தந்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் குன்னூர் போகும் வழியில், பர்லியாறு அருகே வெப்பம் காட்டும் ஊசி ஏறியது. இன்னும் இரண்டு வளைவுதானே என்று ஓட்டினேன். என்ஜின் நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் மையத்தில் சிலிண்டர் ஹெட் (என்ஜினின் மேல்மூடி) வளைந்துவிட்டது, 6,40,000 ரூபாய் ஆகும், வாரன்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் பீமைப் பட்டறையில் வெட்டியிருப்பதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது. பெரிய இன்டர்கூலர் காற்றை மறைத்துவிட்டது என்றும் நினைக்கிறேன். பட்டறைக்காரர் 'கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறேன்' என்றார். கொண்டுபோய் விட்டபின், 'நீங்கள் விரட்டியதால் வந்த வினை' என்கிறார். பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் கார் என்கிறார். காரை மாற்றியதே சட்டவிரோதம், வழக்குப் போட்டால் நீதான் மாட்டுவாய் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொருவர் போலீசுக்குப் போ என்கிறார். என்ன செய்யலாம்? படங்களை இணைத்திருக்கிறேன். (அப்போதே என்ஜினின் திறனைக் கூட்ட அதன் கணினியை மாற்றியமைக்கும் ஈ.சி.யு. ட்யூனிங்கும் செய்தேன்.)

பதில்: முதலில் காரைப் பார்ப்போம். அது இப்போது எதிராளியின் கூரைக்கடியில் நிற்கிறது. உங்கள் வழக்குக்கான சாட்சியம் அதன் முன்பக்கத்தில், கையகல இடத்தில் இருக்கிறது. ஒரு ஸ்பானரும் அரை மணி நேரமும் போதும், அது காணாமல் போய்விடும். நஷ்டஈட்டுக் கணக்கெல்லாம் அப்புறம். முதலில் கார் வெளியே வரட்டும்.

செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆவது பிரிவு. சட்டமே இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. பட்டை தீட்டாத வைரத்தை நகைத் தொழிலாளியிடம் கொடுத்தால், வேலையை முடித்தவர் கூலி வரும்வரை கல்லை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டு தைத்து முடித்ததும் தந்துவிடுகிறேன், கூலிக்கு மூன்று மாதத் தவணை என்று ஒப்புக்கொண்ட தையற்காரர் கோட்டை மடக்க முடியாது. உங்கள் பட்டறைக்காரர் இந்த இரண்டாமவர். வேலை முடிந்ததும் காரை ஒப்படைத்துவிட்டார், பாக்கிக்குக் கெடு கொடுத்தார். பொருள் கையைவிட்டுப் போனால் அந்த உரிமையும் போய்விடும். மூன்று மாதம் கழித்துப் பழுது பார்க்க வந்த காரைப் பழைய பாக்கிக்காகப் பிடித்துவைக்க 170 இடம் தராது. எந்தப் பாக்கிக்கும் எந்தப் பொருளையும் வைத்துக்கொள்ளும் பொது உரிமையை 171ஆவது பிரிவு வங்கிகள் போன்ற சிலருக்குத்தான் தருகிறது. அந்தச் சிறு பட்டியலில் உயர்நீதிமன்ற வழக்கறிஞர்கள்கூட இருக்கிறார்கள், பட்டறைகள் இல்லை.

இவ்வளவு சட்டம் உங்கள் பக்கம் இருந்தும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த 38,000 ரூபாயைக் கொடுத்துவிடுவேன். ரொக்கமாக அல்ல, வங்கி வழியாக. கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தி: 'இந்தத் தொகை தரவேண்டியதல்ல என்பதே என் நிலை. காரை மீட்பதற்காக மட்டும், என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்.' பிறகு இதையும் நஷ்டஈட்டில் சேர்த்துக் கேட்கலாம். சாட்சியத்தைக் காப்பாற்ற 38,000 ரூபாய் அதிக விலை அல்ல. பணம் வாங்கியும் காரை விடவில்லையென்றால், நுகர்வோர் ஆணையத்தில் புகாருடன் சேர்த்து இடைக்கால உத்தரவு கேளுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38(8) அந்த அதிகாரத்தைத் தருகிறது. கார் வெளியே வரும்போது தட்டு லாரியில் ஏற்றியே கொண்டுபோங்கள். ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

இனி அந்தக் கையகல இடம். நீங்கள் அனுப்பிய படங்களில் ஐந்தாவதைத்தான் நான் நெடுநேரம் பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ்முனையில் துருத்தும் முளை, இரும்பு ஆங்கிளில் துளைத்த ஓட்டையில் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ரப்பர் புஷ் இல்லை. ஓட்டையின் விளிம்பு உராய்ந்து உராய்ந்து பளபளக்கிறது. அதற்கு இரண்டு விரற்கடை மேலே, அலுமினியத் தொட்டியின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல். அதைச் சுற்றிக் காய்ந்துபோன கூலன்ட்டின் பச்சைப் பொடி. சர்வீஸ் மையத்தின் அறிக்கையும் இதையே ஒரு வரியில் சொல்கிறது. உங்கள் வழக்கு அந்த ரப்பர் புஷ்ஷில்தான் நிற்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் ரேடியேட்டர் ரப்பரின்மேல் உட்காருவது அழகுக்காக அல்ல. என்ஜினின் அதிர்வும், மேடுபள்ளத்தில் காரின் சட்டகம் முறுக்கிக்கொள்வதும் ரேடியேட்டருக்குப் போகாமல் அந்த ரப்பர் வாங்கிக்கொள்கிறது. உலோகத்தோடு உலோகமாக இறுக்கினால் அந்த அடியெல்லாம் வெல்டிங் ஓரத்துக்குப் போகும். இது பட்டறைத் தொழிலில் பாலபாடம். அதைச் செய்யாததுதான் சட்டத்தின் மொழியில் சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) அலட்சியத்தையும் அதற்குள் அடக்குகிறது.

இன்னொரு குற்றச்சாட்டும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது: பெரிய இன்டர்கூலர் காற்றை மறைத்துவிட்டது என்பது. இதுவும் உண்மையாக இருக்கலாம். வெளிக்காற்று முதலில் இன்டர்கூலரில் பட்டுச் சூடாகி, அடுத்து ஏ.சி. கண்டென்சரில் மேலும் சூடாகி, மிச்சம்தான் ரேடியேட்டருக்கு வருகிறது. சுற்றியுள்ள இடைவெளிகளைத் தகட்டாலும் ஃபோமாலும் அடைக்காவிட்டால் காற்று எளிய வழி பார்த்துப் பக்கவாட்டில் நழுவிவிடும். மலையேறும்போது என்ஜினுக்குப் பளு அதிகம், வேகம் குறைவு, எதிர்க்காற்றும் குறைவு. (என் தந்தையின் அம்பாசடரில் பர்லியாற்றில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றாமல் நாங்கள் குன்னூர் போனதில்லை, அந்தக் காரில் டர்போவும் இல்லை, இன்டர்கூலரும் இல்லை.) ஆனால் இதை முதல் குற்றச்சாட்டாக வைக்காதீர்கள். முன்னால் இன்டர்கூலர் வைத்தால் காற்று ஓரளவு குறையும் என்பது தெரிந்தே கேட்டார் என்று பட்டறைத் தரப்பு வாதாடும். நிபுணர்களும் இரண்டு பக்கமும் பேசுவார்கள். இல்லாத ரப்பர் புஷ்ஷுக்கு அப்படிப்பட்ட வாதம் கிடையாது.

உங்கள் நண்பர் சொன்ன சட்டவிரோதம் பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. ஆனால் உங்கள் ஆர்.சி. அட்டையை எடுத்துப் பாருங்கள். என்ஜின் எண், சேசிஸ் எண், கன அளவு, எரிபொருள், எடை, இருக்கைகள், நிறம் என்று இருக்கும். இன்டர்கூலரின் அளவோ ரேடியேட்டரின் உலோகமோ இருக்காது. 'மாற்றம்' என்றால் வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ரேடியேட்டரை மாற்றியது அதற்குள் வராது என்பது என் கருத்து.

எனக்குக் கவலை தருபவை வேறு இரண்டு. ஒன்று, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிய ஈ.சி.யு. ட்யூனிங். ஆர்.சி.யில் குதிரைத்திறனும் பதிவாகியிருந்தால், ட்யூனிங் அதை நேரடியாகப் பொய்யாக்குகிறது. மற்றொன்று, வெட்டப்பட்ட பீம். அது மோதலின்போது அடியைத் தாங்கும் உறுப்பு. கட்டமைப்பு மாற்றம் என்று அதைச் சொல்வது எளிது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தண்டனை உரிமையாளரைக் குறிவைக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெட்டியவர் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்.

ஆகவே ட்யூனிங் கட்டணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். சட்டம் ஏற்காத வேலைக்கான பணத்தைச் சட்டத்திடமே கேட்பது தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொள்வது. ஆனால் அதை மறைக்கவும் வேண்டாம். எதிர்த்தரப்பு எப்படியும் சொல்லும், நீங்கள் முந்திக்கொண்டு சொன்னதாக இருக்கட்டும். பீம் வேறு கதை. எஸ்டிமேட் தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, நீங்கள் சம்மதிக்கவும் இல்லை. புதிய பீமின் விலையையும் பொருத்தும் கூலியையும் தாராளமாகக் கேளுங்கள்.

இப்போது நீங்கள் விரும்பாத பகுதி. 'இன்னும் இரண்டு வளைவுதானே' என்ற அந்த வாக்கியம் உங்களுக்குப் பெரும் பணத்தை இழக்கவைக்கலாம். விரிசலும் கூலன்ட் கசிவும் பட்டறையின் பொறுப்பு. ஊசி ஏறியபின் ஓட்டியதால் ஹெட் வளைந்தது என்றால் அந்தப் பங்கு உங்களுடையது. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு, நஷ்டத்தைக் குறைக்க உங்களிடம் இருந்த வழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நேர்க்குத்தான மலைப்பாதையில், பின்னால் பஸ் நெருக்க, ஒதுங்க இடமில்லாத வளைவில் என்ன செய்ய முடியும் என்பதை நேர்மையாக விவரியுங்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 6,40,000 ரூபாயும் முழுதாகக் கிடைக்கும் என்று நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

வழக்கு போகவேண்டிய இடம் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கொடுத்த தொகையைப் பொறுத்தது, கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்தது அல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. நோட்டீஸ் கிடைத்தபின் எதிர்த்தரப்புக்கு 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள்; அதற்குமேல் ஒரு நாளும் தர ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடியவேண்டும், பொருளைச் சோதிக்கவேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்பது ஏட்டுச் சட்டம். நடப்பில் பொறுமை வேண்டும்.

பில் இல்லையே என்று கலங்கவேண்டாம். பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)இல் வகைப்படுத்துகிறது. அதையும் புகாரில் ஒரு பத்தியாக எழுதுங்கள். எஸ்டிமேட் தாள், வங்கிக் கணக்கு, ரொக்கம் வாங்கியதை ஒப்புக்கொள்ளும் அவருடைய வாட்ஸ்அப் செய்தி, மூன்றும் சேர்ந்து ஒரு பில்லுக்குச் சமம். அந்தத் தொலைபேசியை விற்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்று வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திடவேண்டும். ஆணையத்தில் சாட்சியச் சட்டம் வரிக்கு வரி பொருந்தாது. இருந்தும் இணைத்துவிடுங்கள், மேல்முறையீட்டில் உதவும். காரை மீட்டவுடன், கழற்றுவதற்கு முன், உரிமம் பெற்ற சர்வேயர் (சேத மதிப்பீட்டாளர்) ஒருவரை வைத்து அறிக்கை வாங்குங்கள். கழற்றும் நாளை எழுத்து மூலம் பட்டறைக்குத் தெரிவித்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள். வராமல் இருந்தால் அது அவர்கள் பாடு.

கார் கம்பெனியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. மாற்றப்பட்ட பொருளுக்காக விற்பனையாளர்மீது பொருட்பொறுப்பு வழக்கு, அதாவது குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கான வழக்கு, போட முடியாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87(1) நேரடியாகவே சொல்கிறது. கியர்பாக்ஸ், மின்சாதனங்கள் போன்ற தொடர்பில்லாத பாகங்களுக்கு வாரன்டி தொடர்கிறதா என்று மட்டும் எழுதிக் கேளுங்கள். இன்சூரன்ஸிலும் என்ஜின் பழுதுக்கு வழியில்லை. இயந்திரக் கோளாறு வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்ட ஒன்று. ஆனால் மாற்றங்களை நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால் நாளை விபத்து நடக்கும்போது உங்கள் காரின் சேதத்துக்கான கோரிக்கை தட்டிப்போகலாம். செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால், பந்தயமும் வேகச் சோதனையும் அந்தப் பாலிசியில் அடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

போலீசுக்குப் போகவேண்டாம். மோசடி என்றால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்கவேண்டும். இங்கே நடந்தது அரைகுறை வேலையும் அதற்குப்பின் வந்த அடாவடியும். புகார் நிற்காது, வெட்டிய பீமோடும் ட்யூனிங்கோடும் உங்கள் காரைத்தான் முதலில் நிலையத்து வாசலில் நிறுத்துவார்கள்.

பணத்தை அனுப்பிக் காரை எடுத்தபின் எனக்கு எழுதுங்கள். வழக்கறிஞர் நோட்டீசில் எந்தத் தொகையை எந்தத் தலைப்பில் கேட்பது என்பதைச் சர்வேயர் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். அறிக்கை வந்தபின் முதலில் பீமை மாற்றி, ட்யூனிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். என்ஜின் வேலை அதற்குப் பிறகு. கழற்றிய, விரிசல் விட்ட ரேடியேட்டரையும் அந்த இரும்பு ஆங்கிளையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள்.