போர் வேண்டுமா என்று ஊரைக் கேட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடி கல்லூரி மாணவர்: டிவி சேனல் வாக்கெடுப்பில் பெரும்பாலோர் ‘போர்தான் வழி’ என்று போட்டிருக்கிறார்கள். நாட்டின் மனது அதுதானே?

இல்லை தம்பி. கொதித்துப்போய் இருப்பவர்தான் போனை எடுத்து ஓட்டுப் போடுவார், மற்றவர் சேனலை மாற்றிவிடுவார். 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்ட லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்குச் சுமார் 24 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை போட்டது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார்.

தேவகோட்டை வாசகர்: சரி, முறையாக எடுத்த கணிப்பு என்றால் நம்பலாமா?

சிக்கலே அங்கேதான். 2003 ஜனவரியில், இராக் போருக்கு முன், சதாம் ஆட்சியை முடிக்க ராணுவ நடவடிக்கை எடுக்கலாமா என்று பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களைக் கேட்டது. 68% ஆதரவு. நம் வீரர்கள் ஆயிரக்கணக்கில் சாகலாம் என்றாலுமா என்று ஒரு வரி சேர்த்ததும் ஆதரவு 43%, எதிர்ப்பு 48%. அதே நாடு, அதே மாதம். 68-ஐக் காட்டி மக்கள் என் பக்கம் என்பார் ஒருவர், 43-ஐக் காட்டி மறுப்பார் இன்னொருவர், இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. பிழை ±3% என்று கீழே பொடி எழுத்தில் போடுகிறார்களே, அது ஆயிரம் பேரை மட்டும் கேட்டதால் வரும் தடுமாற்றத்துக்கு. கேள்வியின் வாசகத்தால் வந்த இந்த 25 புள்ளிச் சரிவு அதில் அடங்காது. கேள்வியை முழுசாகப் போடாத கணிப்புச் செய்தியை நான் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை.

பள்ளத்தூர் வாசகர்: ஒருமுறை சொன்ன கருத்து நிற்குமா?

நிற்காது. வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று 1965 ஆகஸ்டில் காலப் நிறுவனத்தின் கணிப்பில் சொன்ன அமெரிக்கர்கள் 24%. மூன்றே வருடத்தில் 53%. போர் தொடங்கும்போது வரும் ஆதரவில் பாதி, படைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்ற உணர்ச்சிதான் என்பது என் எண்ணம்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: எங்கள் ஐயா 1942-ல் ரங்கூன் கடையைப் பூட்டிவிட்டு அரக்கான் வழியாக நடந்தே வந்தவர். அவரை யார் கேட்டார்கள்?

யாரும் கேட்கவில்லை ஆச்சி. பர்மா நெல் வயல்களில் அத்தனை பணத்தைப் போட்டிருந்த நம்மவர்களை ஜப்பானும் கேட்கவில்லை, பிரிட்டனும் கேட்கவில்லை. இப்போதும் அப்படித்தான்: அந்த 68 சதவீதத்தில் ஓர் இராக்கியர்கூட இல்லை. போருக்குப் போகும் நாட்டில் எடுக்கும் கணிப்பில் குண்டு விழும் ஊர்க்காரர் வரமாட்டார்.

அதே ஆச்சி: அப்போ இதெல்லாம் எதற்கு?

அரசைக் கட்டுப்படுத்த என்றால், பெரிதாக உதவாது. 2003-ல் ஸ்பெயினில் பத்தில் ஒன்பது பேர் இராக் போர் வேண்டாம் என்றார்கள். பிரதமர் அஸ்னார் அரசு அமெரிக்கா பக்கமே நின்றது, அப்புறம் படையும் அனுப்பியது. 2004 மார்ச் தேர்தலில் அவர் கட்சி தோற்ற பிறகுதான் படை திரும்பியது. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்திருந்தது, அதையும் சேர்த்துத்தான் அந்த முடிவைப் படிக்க வேண்டும்.