சீன மாணவரின் ஆங்கிலத்தை அளக்கும் வேலை: ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: மகள் எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, இரண்டு வருடமாகத் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சீன மாணவர்களை ஆங்கிலத் தேர்வுகளுக்குத் தயார்செய்யும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். ஏஜென்ட் ஒருவர் பிசினஸ் விசாவில் அனுப்பிவிட்டு, அங்கே போனபின் வேலை விசாவாக மாற்றித் தருவதாகச் சொல்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். முதலில் அதை முடித்துவிட்டு, மகளின் ஆசைக்கு வருவோம். ஆசையில் தவறில்லை, வழிதான் தவறு.

சீனாவில் வேலை பார்க்க இசட் விசாவில் நுழைந்து, வேலை அனுமதியும் வசிப்பு அனுமதியும் வாங்க வேண்டும். பிசினஸ் விசாவிலோ மாணவர் விசாவிலோ போய் வகுப்பெடுப்பது சட்டவிரோத வேலை. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தில் இதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் தீவிரமானால் 5 முதல் 15 நாள் காவல். அதற்குமேல் நாட்டைவிட்டு வெளியேற்றவும் செய்யலாம். மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான், ஏஜென்ட் அல்ல.

சரி, முறையாக இசட் விசாவே வாங்கித் தருகிறேன் என்று இன்னொருவர் வந்தால்? மொழி ஆசிரியர் தம் தாய்நாட்டின் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்பது வேலை அனுமதிக்கான பொது விதி. ஆங்கிலத்துக்கு இது நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டில் வந்து நிற்கிறது. மகள் எவ்வளவு சரளமாகப் பேசினாலும் கவுன்டரில் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான். பன்னாட்டுப் பள்ளிகளில் கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தும் வேலைக்கு இந்தியர்கள் போகிறார்கள். எம்.ஏ. ஆங்கிலத்துக்கு அந்த வாசல் குறுகல்.

வீட்டிலிருந்தே சீனக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கலாமே என்பார்கள். 2021 ஜூலையில் சீன அரசு போட்ட 'இரட்டைக் குறைப்பு' உத்தரவு, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரை வைத்துச் சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

மிச்சமிருப்பது பெரியவர்கள் சந்தை. வெளிநாட்டில் படிக்க ஐஇஎல்டிஎஸ் எழுதும் சீனக் கல்லூரி மாணவர்கள். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் மொழி மையங்களுக்கு வந்து சேரும் சீன மாணவர்கள். அவர்களுக்கான மாதிரித் தேர்வுகளுக்கு வினா எழுதவும், கட்டுரைகளையும் பேச்சுப் பதிவுகளையும் திருத்தவும் ஆள் தேடும் நிறுவனங்கள். இங்கே 'ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பேன்' என்று வருபவர்கள் ஏராளம். 'இந்த மாணவருக்கு எது வருகிறது, எது வரவில்லை, ஏன் என்று ஒரு மணி நேரத்தில் சொல்வேன்' என்று வருபவர்கள் குறைவு. மகள் வளர்த்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது திறமையை. அது எப்படியிருக்கும் என்று அவளுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சீன மாணவர் எந்தத் தேர்வுகளைத் தாண்டி வருகிறார் என்று தெரியாமல் அவரை அளக்க முடியாது. பள்ளி முடிவில் காவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. பெரும்பாலான மாகாணங்கள் பயன்படுத்தும் தேசிய வினாத்தாளில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், 120 நிமிடம். கேட்டல் 30, வாசிப்பு 50, கோடிட்ட இடம் நிரப்பும் மொழிப்பயன்பாடு 30, எழுத்து 40. எழுத்தில் 15 மதிப்பெண்ணுக்கு ஒரு சின்னக் கடிதமோ அறிவிப்போ. 25 மதிப்பெண்ணுக்கு, பாதியில் நிற்கும் ஒரு கதையை இரண்டு பத்தியில் முடிக்க வேண்டும். பேச்சு இந்தத் தாளில் இல்லை. குவாங்தோங்கில் கணினி முன் கேட்டு, பேசும் தேர்வுக்கு 20 மதிப்பெண். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேச்சும் சேர்ந்து 50, அதில் பேச்சு 20. மாணவர் எந்த மாகாணம் என்று முதலிலேயே கேட்டுவிடுவது இதற்காகத்தான்.

கல்லூரியில் சிஇடி என்னும் கல்லூரி ஆங்கிலத் தேர்வு: முதலில் சிஇடி-4, அதன்பின் சிஇடி-6. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும். 1987-ல் தொடங்கிய சிஇடி-4 இப்போது 710 புள்ளிக்கு. அதிகாரபூர்வமாக 'பாஸ்' என்று எதுவும் அச்சிடுவதில்லை. ஆனால் 425 வாங்கினால்தான் சிஇடி-6 எழுதவிடுவார்கள், அதனால் ஊரே 425-ஐத்தான் பாஸ் என்கிறது. 125 நிமிடத் தேர்வில் கேட்டலுக்கு 35 சதவீதம், வாசிப்புக்கு 35, கட்டுரைக்கு 15, சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்புக்கு 15. அதாவது 710-ல் 497 புள்ளி, கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே வாங்கக்கூடியது. பேச்சுத் தேர்வு தனி. விரும்பினால் எழுதலாம், அந்தத் தரம் 710-ல் சேராது.

ஆகவே 520 புள்ளியோடு ஒருவர் வந்து உட்கார்ந்து, 'நேற்று என்ன செய்தீர்கள்' என்ற கேள்விக்குத் திணறினால் அவர் சான்றிதழைச் சந்தேகப்பட வேண்டாம். தேர்வு அவரிடம் எதைக் கேட்டதோ அதில் அவர் நிஜமாகவே கெட்டிக்காரர். கோடிட்ட இடத்தில் இறந்தகால வினையைப் பிசகாமல் எழுதுபவர், பேசும்போது அதே வினையை நிகழ்காலத்தில் விட்டுவிடுவார். விதி தெரியும், நேரத்துக்கு வாயில் வராது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்தத் தேர்வும் சீன மாணவருக்கு உதவாது. அவருக்குத் தெரிந்த இலக்கணத்தையே மறுபடி இருபது வகுப்பு நடத்திக் காசு வாங்கும் மையங்கள் இங்கேதான் கோட்டைவிடுகின்றன.

முதல் நாள் சோதனையை ஒரு மணி நேரத்துக்குள் வைக்கலாம். பத்து நிமிடம் சொல்வதெழுதல்: 8 முதல் 12 சொல் உள்ள பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் மூன்று முறை வாசிக்க வேண்டும். முதலில் இயல்பான வேகத்தில், பிறகு தொடர் தொடராக நிறுத்தி, கடைசியில் மறுபடி இயல்பாக. திருத்தும்போது எழுத்துப்பிழையை ஒரு நெடுவரிசையிலும், விட்டுப்போன பன்மை விகுதி, இறந்தகால விகுதியை இன்னொரு நெடுவரிசையிலும் எண்ணுங்கள். பார்த்தால் தெரியும் சொல் காதில் விழுந்தால் தெரியாமல் போவது இங்கே வெளிப்படும், ஏனென்றால் பலர் சொற்களைச் சீனப் பொருளோடு சேர்த்துக் கண்ணால் மனப்பாடம் செய்தவர்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி போல ஒலியில் குழப்பும் எண் ஜோடி ஒன்றையும் வாக்கியத்துக்குள் வையுங்கள்.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் பேச்சு, கட்டாயம் பதிவு செய்து. இங்கேதான் அனுபவமில்லாதவர் ஏமாறுவார். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் கேள்விகள் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் மாறும்; எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து திரட்டிய கேள்விப் பட்டியல் சீன மாணவர்களிடையே உடனே பரவும். விடையும் தயாராக இருக்கும். 'உங்களுக்குப் பிடித்த நகரம்' என்றதும் ஒரே வேகத்தில், எங்கும் தட்டாமல், சொற்றொடரின் நடுவில் ஒரு மூச்சுகூட விடாமல் ஒன்றரை நிமிடம் வந்தால் அது மனப்பாடம். அவமானப்படுத்தாமல் தடம் மாற்றுங்கள்: 'அந்த நகரத்துக்கு முழங்கால் வலியுள்ள பாட்டியைக் கூட்டிப்போனால் எந்த இடத்தை விட்டுவிடுவீர்கள், ஏன்?' இப்போது வரும் ஆங்கிலம்தான் அவருடையது. மதிப்பெண்ணை இதற்குப் போடுங்கள்.

பிறகு பாட்டியும் பேரனும் வரும் ஒரு படக்கதையைக் காட்டி இரண்டு நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். பேச்சுச் சீனத்தில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே ஒலிதான் என்பதால் 'ஹீ', 'ஷீ' மாறிமாறி வரும். எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த வாக்கியத்திலிருந்து மாணவர் சுருங்கிவிடுவார்.

உச்சரிப்பில் எல்லாச் சீனரும் ஒன்றல்ல. சிச்சுவான், ஹூனான், ஹூபேய் பக்கத்தவர் பலருக்கு லகரமும் நகரமும் குழம்பும்: 'லைட்' என்பது 'நைட்' ஆகும். கான்டனீஸ் பேசுபவர் சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவார். வடக்கத்தியர் சிலர் கடைசியில் ஓர் உயிரொலியை ஒட்டுவார். 'திங்க்' 'சிங்க்' ஆவது பொதுவானது. ஒரு எச்சரிக்கை மகளுக்கும் உண்டு. திராட்சைக் கொடிக்கும் (vine) மதுவுக்கும் (wine) ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு. தமிழில் இரண்டையும் 'வைன்' என்றுதான் எழுதுகிறோம், காதும் பெரும்பாலும் அப்படியே கேட்கிறது. சீன மாணவர் தடுமாறும் அதே இடத்தில் தமிழ்க் காதும் தடுமாறும். இந்த ஜோடியை மட்டும் பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்காமல் மதிப்பெண் போடக் கூடாது.

எழுத்துக்கு இருபத்தைந்து நிமிடம், 150 சொல். 'சமூக ஊடகத்தின் நன்மை தீமை' மாதிரித் தலைப்பு கொடுத்தால் வீண். 'சமூகத்தின் துரித வளர்ச்சியால்' என்று தொடங்கி 'நாணயத்துக்கு இரண்டு பக்கம்' என்று முடியும் வார்ப்பு ஒன்று எல்லோரிடமும் உண்டு. எல்லாக் கட்டுரையும் ஒரே தரமாகத் தெரியும். மாறாகத் தலைப்பைக் குறிப்பிட்டதாக வையுங்கள்: விடுதி அறையில் கூடவே தங்குபவர் நள்ளிரவில் போன் பேசுகிறார், விடுதிக் காப்பாளருக்கு எழுதுக, நீங்கள் ஏற்கெனவே முயன்ற இரண்டு வழிகளைச் சொல்லுக. வார்ப்பு இங்கே உட்காராது. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வருகிறதா, 'பிகாஸ்' போட்டபின் 'சோ' வருகிறதா என்று பாருங்கள். சீனத்தில் இரண்டும் ஜோடியாகவே வரும் என்பதால், மற்றபடி நன்றாக எழுதுபவரும் இதில் சறுக்குவார்.

மதிப்பெண் தாளில் பணி முடிந்ததா, கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு தனிக் கட்டங்கள் போதும். ஒட்டுமொத்தமாக ஒரு எண் போட்டால் அழகான கையெழுத்துக்கும் நீளத்துக்கும் மயங்கிவிடுவோம். திருத்திய பத்துக் கட்டுரைகளை மதிப்பெண் மறைத்து எடுத்துவைத்து, இரண்டு வாரம் கழித்து மகள் மறுபடி திருத்தட்டும். நான்கைந்தில் அரை பேண்டுக்கு (ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் அலகு) மேல் மாறியிருந்தால் அவள் இன்னும் காசு வாங்கித் திருத்தத் தயாரில்லை. வேலை கொடுக்கும் நிறுவனமும் பெரும்பாலும் இதே சோதனையைத்தான் வைக்கும்.

வினா எழுதும் வேலைக்கு வேறு ஒழுக்கம். நான்கு விடை கொண்ட வாசிப்பு வினா எழுதினால், பத்தியைக் கையால் மூடிவிட்டு வினாவை மட்டும் இரண்டு பேரிடம் கொடுங்கள். விடை சொல்லிவிட்டால் வினா செத்தது. சீன மாணவர்கள் இந்த வகை வினாவில் பத்து வருடம் பழகியவர்கள். நீளமான விடை, 'எப்போதும்' போன்ற சொல் வரும் விடை என்று மோப்பம் பிடிப்பார்கள். முப்பது பேருக்காவது கொடுத்துப் பார்த்து, சரியாகச் சொன்னவர் விகிதம் 0.3-க்கும் 0.8-க்கும் இடையில் இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் மேல் 27 சதவீதத்தினரில் சரியாகச் சொன்னவர் விகிதத்திலிருந்து கீழ் 27 சதவீதத்தினரில் சரியாகச் சொன்னவர் விகிதத்தைக் கழித்தால் வரும் எண் 0.3-க்கு மேல் இருந்தால் நல்ல வினா, 0.2-க்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும். சிஇடி மொழிபெயர்ப்புப் பகுதியைச் சீனம் தெரியாமல் தொட வேண்டாம்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். பி.எட். இங்குள்ள பள்ளிக்குச் செல்லும். பெரியவர்களுக்கான மொழி மையங்கள் கேட்பது செல்டா (ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ்) போன்ற சான்றிதழ். செல்டாவுக்குக் குறைந்தது 120 மணி நேரம், அதில் மதிப்பிடப்படும் 6 மணி நேர வகுப்பு, நான்கு எழுத்துப் பணிகள். இணைய வழியிலும் படிக்கலாம். தேர்வியலையே ஆழமாகப் படிக்க ஹைதராபாத் ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் (இஃப்ளூ) தேர்வு, மதிப்பீட்டுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்வாளர் ஆக வேண்டுமென்றால் பட்டம், ஆங்கிலம் கற்பித்தல் தகுதி, மிக உயர்ந்த ஆங்கிலத் தேர்ச்சி ஆகியவற்றோடு, பெரும்பாலும் பெரியவர்களுக்குக் கற்பித்த மூன்று வருட முழுநேர அனுபவமும் கேட்பார்கள். பள்ளியில் பார்த்த இரண்டு வருடம் இதில் அநேகமாகச் சேராது. கல்லூரியிலோ பயிற்சி மையத்திலோ வேலை மாறுவதை இப்போதே யோசிக்கட்டும். தேர்வாளர் ஆனபின் அந்தப் பெயரை வைத்து எந்தக் கோச்சிங் மையத்துக்கும் விளம்பரம் தேட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஏஜென்ட் கேட்ட தொகையில் முதல் செலவு செல்டா கட்டணமாகக்கூட இருக்க வேண்டாம். நல்ல மைக் ஒன்று வாங்குங்கள். மகள் மேலே சொன்ன ஒரு மணி நேரச் சோதனையை இணையத்தில் மொழிப் பரிமாற்றத்துக்கு வரும் ஐந்தாறு சீனக் கல்லூரி மாணவர்களிடம், அவர்கள் அனுமதியோடு, இலவசமாக வைக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க அறிக்கை எழுதட்டும். எந்த மாகாணம், சிஇடி புள்ளி, நான்கு கட்ட மதிப்பெண், மூன்று முக்கியப் பிழைகள், முதல் ஆறு வாரத்தில் என்ன செய்ய வேண்டும். பெயரை நீக்கிய அந்த அறிக்கைகளில் இரண்டை விண்ணப்பத்தோடு இணைத்தால், பயோடேட்டாவை விட அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள்.