கேள்வி-பதில்: பலியின் இரத்தமும் மீட்பும்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலிருந்து (பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை) இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தின்படி.

என் கூட்டாளி வருசா வருசம் முனியாண்டி கோயிலில் கிடா வெட்டுபவர். "நாங்க வெட்டினா மூடநம்பிக்கைன்னு சொல்றீங்க. உங்க பைபிள்ல மட்டும் சாமி ரத்தம் கேக்கலாமா?" என்கிறார். என்ன சொல்வது?
– செம்பனைத் தோட்ட லோரி ஓட்டுநர்

முதலில் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பழைய ஏற்பாட்டில் பலி இல்லாத வழிபாடு இல்லை. ஆனால் அங்கே இரத்தம் என்ன வேலை செய்கிறது என்பதை லேவியராகமம் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பாருங்கள்.

சாதாரண ஒருவர் அறியாமல் பாவம் செய்து, பின்னர் அதை உணர்ந்தால், பழுதில்லாத பெண் வெள்ளாடு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதன் தலைமேல் கை வைக்க வேண்டும். வெட்டுவது ஆசாரியர் அல்ல, பாவம் செய்தவரே. ஆசாரியர் அந்த இரத்தத்தை விரலால் எடுத்துத் தகனபலிபீடத்தின் கொம்புகளில் பூசி, மீதி முழுவதையும் பீடத்தின் அடியில் ஊற்றுவார். கொழுப்பு பீடத்தில் எரியும். இறைச்சி ஆசாரியருக்கு (6:26). கொண்டுவந்தவருக்கு ஒரு துண்டும் கிடையாது. உங்கள் கூட்டாளி செய்வது பெரும்பாலும் நேர்த்திக்கடன். குடும்பமும் ஊரும் உட்கார்ந்து உண்ணும் விருந்தோடு அது முடிகிறது. அதற்கு நெருக்கமாக வேதத்தில் இருப்பது சமாதானபலி. பொருத்தனைக்காக அதைச் செலுத்தினால், அன்றும் மறுநாளும் உண்ணலாம், மூன்றாம் நாள் மிஞ்சியதை எரித்துவிட வேண்டும் (7:16-17). மேலே சொன்ன 4-ஆம் அதிகாரத்தின் பாவநிவாரணபலி அதிலிருந்து வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் வாக்குவாதம் எங்கும் போய்ச் சேருவதில்லை.

அடுத்து, இரத்தம் கடவுளின் பசிக்கோ தாகத்துக்கோ அல்ல. "நான் எருதுகளின் மாம்சம் புசித்து, ஆட்டுக்கடாக்களின் இரத்தம் குடிப்பேனோ?" என்று சங்கீதம் 50:13 நேரடியாகவே கேட்கிறது. லேவியராகமம் 17:11 காரணத்தைச் சொல்கிறது: மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, பாவநிவிர்த்திக்காக அதைப் பலிபீடத்தின்மேல் ஏற்படுத்தியவர் தேவனே. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மனிதன் எதையோ கொடுத்துக் கோபமான கடவுளைச் சரிக்கட்டுகிறான் என்று படிக்கிறார்கள். வசனம் அதைத் தலைகீழாகச் சொல்கிறது. உயிர் அவருடையது, மன்னிப்புக்கான வழியை ஏற்படுத்துகிறவரும் அவர், மனிதன் அதைப் பெற்றுக்கொள்கிறவன்.

அந்தப் பலிமுறைக்குள்ளேயே அதன் எல்லைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆடு வாங்க வசதியில்லாத ஏழை இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் முடியாதவர் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு கொண்டுவந்தால் போதும், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர், எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்க்காமல் (5:7-11). ஒரு சொட்டு இரத்தமும் இல்லாத அந்தப் பிடி மாவுக்கும் அதே மன்னிப்புத்தான். எபிரெயர் 9:22 "கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்" என்று கவனமாக எழுதுவதை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். துணிகரமாகச் செய்த பாவத்துக்கோ எந்த ஆடும் உதவாது (எண்ணாகமம் 15:30). தாவீது 51-ஆம் சங்கீதத்தில் பலியை நீர் விரும்புகிறதில்லை என்று அழுவது அதனால்தான். அவர் செய்த கொலையும் விபசாரமும் ஆட்டுக்கணக்கில் தீராதவை.

"காளை வெள்ளாட்டுக்கடா இவைகளுடைய இரத்தம் பாவங்களை நிவிர்த்திசெய்யமாட்டாதே" என்று எபிரெயர் 10:4 முடிவாகச் சொல்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கை நிற்கும் இடம் இதுவே: பலியிடும் ஆசாரியரும் பலியாகும் ஆட்டுக்குட்டியும் கிறிஸ்து ஒருவரே, அது ஒரேதரம் நடந்து முடிந்தது, திரும்பச் செய்ய வேண்டியதில்லை. எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் இடிக்கப்பட்டது. ஆனால் கிறிஸ்தவர்கள் பலியை விட்டதற்கு அந்த இடிபாடு காரணம் அல்ல, சிலுவையே காரணம்.

கூட்டாளியிடம் இதைக் கோயில் திருவிழா அன்று பேசாதீர்கள். வேறொரு நாள், ஒரு கோப்பி நேரத்தில், லேவியராகமம் 4-ஐயும் எபிரெயர் 9, 10-ஐயும் அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஞாயிறு பள்ளியில் பஸ்கா ஆட்டுக்குட்டியையும் பாவநிவிர்த்தி நாளின் ஆட்டையும் ஒரே பாடமாக நடத்துகிறேன். பிள்ளைகள் குழம்புகிறார்கள். எப்படிப் பிரிப்பது?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை

கட்டாயம் பிரியுங்கள், இரண்டு வாரமாக. பஸ்கா எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து கிடைத்த விடுதலையைப் பற்றியது, மற்றது பாவத்தைப் பற்றியது. இரண்டும் கிறிஸ்துவில் சேருகின்றன என்பதை மூன்றாம் வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் வாரம் யாத்திராகமம் 12. முதலாம் மாதம் 10-ஆம் தேதி ஒரு வயதுள்ள, பழுதற்ற ஆண்குட்டி ஒன்றைத் தெரிந்தெடுத்து 14-ஆம் தேதி வரை வைத்திருக்க வேண்டும். செம்மறியும் ஆகலாம், வெள்ளாடும் ஆகலாம். 14-ஆம் தேதி சாயங்காலம் அடிக்க வேண்டும். கிண்ணத்தில் பிடித்த இரத்தத்தில் ஈசோப்புக் கொழுந்துகளைத் தோய்த்து, வாசலின் இரண்டு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் தெளிக்க வேண்டும். படம் வரையும்போது பல ஆசிரியர்கள் கீழ்ப்படியிலும் சிவப்பு பூசுகிறார்கள். வசனத்தில் அது இல்லை, மிதிபடும் இடத்தில் இரத்தம் வைக்கச் சொல்லவும் இல்லை. இறைச்சியை அன்றிரவே நெருப்பில் சுட்டு, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் உண்ண வேண்டும், எலும்பை முறிக்கக்கூடாது (12:46). போர்வீரர்கள் இயேசுவின் காலெலும்புகளை முறிக்காமல் விட்டதை யோவான் 19:36 இதோடு இணைக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு இந்த இணைப்பு மறக்காது.

இரண்டாம் வாரம் லேவியராகமம் 16. ஏழாம் மாதம் 10-ஆம் தேதி, ஆண்டுக்கு ஒரே நாள். பிரதான ஆசாரியர் குளித்து, சணல்நூல் அங்கி உடுத்தி, முதலில் தனக்கும் தன் வீட்டாருக்குமாக ஒரு காளையைப் பலியிடுவார். தூபப்புகை கிருபாசனத்தை (உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை) மூடும்படி தூபமிட்ட பிறகே, அந்த இரத்தத்தைக் கிருபாசனத்தின்மேலும் அதன் முன்பாக ஏழுதரமும் தெளிப்பார். மக்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டுப்போட்டுப் பிரிக்கப்படும். ஒன்று பலியாகும். மற்றதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, ஓர் ஆள் வசமாக வனாந்தரத்துக்கு அனுப்புவார். அதுதான் போக்காடு. அதை யாரும் வெட்டுவதில்லை. இரண்டு ஆடும் வெட்டப்பட்டதாகச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பாடம் போய்விடும், ஏனென்றால் ஒன்று மன்னிப்பையும் மற்றது பாவம் கண்ணுக்கெட்டாமல் அகற்றப்படுவதையும் காட்டுகிறது.

ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வெட்டுவதை விவரிக்க வேண்டாம். அவர்கள் பயந்துபோய், "அப்பாசாமி கோபக்காரர், இயேசு சாமி நல்லவர்" என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களிலும் இந்தத் தவறு நிறைய இருக்கிறது. ரோமர் 5:8-ஐ மனப்பாடம் செய்ய வையுங்கள். சிலுவை பிதாவின் அன்பிலிருந்து வந்தது என்பது அதில் தெளிவு.

பக்கத்து வீட்டு அக்கா படையல் கறி கொண்டுவந்து கொடுக்கிறார். சாப்பிடலாமா? இரத்தப் பொரியல் சாப்பிடலாமா?
– தோட்டக் குடும்பத் தலைவி

முதல் கேள்விக்கு 1 கொரிந்தியர் 8-உம் 10-உம். கடையில் விற்கிறதை விசாரிக்காமல் உண்ணலாம் (10:25). இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், சொன்னவருடைய மனச்சாட்சியின் நிமித்தம் தவிர்க்கச் சொல்கிறார் பவுல் (10:28). தவிர்ப்பதைக் கடுமையாகச் சொல்லாதீர்கள். "அக்கா, படையல் மட்டும் எங்களுக்கு வேணாம், கோவிச்சுக்காதீங்க" என்றால் அவர் புரிந்துகொள்வார். வேறு நாளில் நீங்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். இரத்தம் உண்பதைப் பற்றி எருசலேம் ஆலோசனைக் கூட்டம் விலகச் சொன்னது (அப்போஸ்தலர் 15:29). அது எக்காலத்துக்குமா, யூதரும் மற்றவரும் ஒரே பந்தியில் அமர்வதற்காக அக்காலத்துக்கு மட்டுமா என்பதில் சபைகள் ஒத்துப்போகவில்லை. எங்கள் கருத்து, விலகிவிடுவது நல்லது.

மீட்பின் விலை என்கிறார்கள். விலை என்றால் வாங்கினவர் யார்? சாத்தானுக்கா கட்டினார்கள்?
– இடைநிலைப்பள்ளி மாணவர்

திருச்சபை பல நூற்றாண்டு யோசித்த கேள்வி இது. "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க" வந்ததாக இயேசு சொன்னார் (மாற்கு 10:45). யாரிடம் என்று சொல்லவில்லை. பழங்காலத்தில் சிலர் பிசாசிடம் என்றார்கள். 4-ஆம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார் அதைக் கடுமையாக மறுத்தார்: திருடனுக்கு விலை கொடுப்பதா? பிதா இரத்தத்தைக் கேட்டு வாங்கினார் என்பதையும் அவர் ஏற்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டின் முடிவில் கான்டர்பரி பேராயர் அன்செல்ம், பாவத்தால் கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த குறையை மனிதனே ஈடுசெய்ய வேண்டும், ஆனால் கடவுளால் மட்டுமே அது முடியும், அதனால் இரண்டுமாயிருக்கிற ஒருவர் தேவை என்று வாதிட்டார். சீர்திருத்தக் காலத்தில் கால்வின் நம் தண்டனையைக் கிறிஸ்து சுமந்தார் என்பதை முன்னே வைத்தார்.

ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) மாட்டிய குடும்பத்தின் கடனை அண்ணன் ஒருவர் தன் சேமிப்பைக் கொட்டி அடைத்தால், அந்த வீட்டில் பேசப்படுவது பணம் போன இடம் அல்ல, அண்ணனுக்கு ஆன செலவு. வேதமும் விலையைப் பேசும்போது செலவைப் பேசுகிறது: "விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள்" (1 பேதுரு 1:19). அந்த உவமையை அதற்குமேல் இழுக்காதீர்கள்.

புதுக் கார், மோட்டார், வீடு எல்லாவற்றின் மீதும் "இயேசுவின் இரத்தத்தைத் தெளிக்கிறோம்" என்று ஜெபிக்கிறார்கள். சரியா?
– இளையோர் குழுத் தலைவர்

பாதுகாப்புக்காக ஜெபிப்பது நல்லது. ஆனால் புதிய ஏற்பாட்டில் தெளிக்கப்படுவது மனிதர்கள்மேல்: "துர்மனச்சாட்சி நீங்கத் தெளிக்கப்பட்ட இருதயம்" (எபிரெயர் 10:22). இரும்புக்கு மனச்சாட்சி கிடையாது.

இதற்கு ஆதாரமாக, ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினால் சத்துருவை ஜெயித்தார்கள் என்று சொல்லும் வெளிப்படுத்தின விசேஷம் 12:11-ஐக் காட்டுவார்கள். முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். அங்கே சத்துரு இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன். குற்றச்சாட்டு செல்லாமல் போவதுதான் இரத்தத்தின் ஜெயம். அதே வசனம் அவர்கள் மரணத்துக்குத் தப்பும்படி தங்கள் ஜீவனையும் பாராமலிருந்தார்கள் என்று முடிகிறது. விபத்தே வராது என்ற உறுதி அதில் இல்லை. இந்த வேறுபாட்டை இளையோருக்கு இப்போதே சொல்லுங்கள். தெளித்து ஜெபித்த மோட்டார் ஒருநாள் விழுந்தால், "என் விசுவாசம் குறைவு" என்று பையன் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறான். இரத்தம் எதிலிருந்து விடுவிக்க வந்ததோ அதற்குள்ளேயே அவனைத் தள்ளிவிடுகிறோம். ஹெல்மெட்டும் பிரேக்கும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜெபியுங்கள்.

அப்பா ஆயுள் முழுக்கச் சம்சு குடித்து, அம்மாவை அடித்தவர். கடைசி வாரத்தில் மன்னிப்புக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று இறந்தார். அவர் இரட்சிக்கப்பட்டாரா? என்னால் ஏற்க முடியவில்லை.
– பெயர் வேண்டாம்

சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஈடுசெய்ய ஒரு மணி நேரமும் இல்லை. அவனிடம் இயேசு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் (லூக்கா 23:43). உங்கள் அப்பா உண்மையாய்த் திரும்பியிருந்தால் அதே வார்த்தை அவருக்கும் உண்டு. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" (எபேசியர் 2:8) என்பதில் காலக்கெடு இல்லை.

ஆனால் அவர் மன்னிக்கப்பட்டார் என்பதால் அம்மா பட்ட அடி ஒன்றுமில்லாமல் ஆகிவிடாது. சிலுவை பாவத்தை லேசாக்கவில்லை, அது எவ்வளவு கனமானது என்று காட்டுகிறது. உயிரோடிருந்திருந்தால் சகேயுவைப் போல (லூக்கா 19:8) திருப்பிச் செலுத்த வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. உங்கள் கோபத்தை அவசரமாக விழுங்கச் சொல்லி யாராவது வசனம் காட்டினால் கேட்க வேண்டாம். சங்கீதங்களில் கோபத்தோடே ஜெபித்தவர்கள் நிறைய. அம்மா இருந்தால், அவர் சொல்வதை முதலில் கேளுங்கள். நம்பிக்கையான போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ தனியாகப் பேசுங்கள்.

எங்கள் தோட்டச் சிற்றாலயத்தில் 40 பேர். திருவிருந்துக்கு ரிபேனா போதுமா? எவ்வளவு வேண்டும்?
– சபைப் பொருளாளர்

முதலில் உங்கள் சபையின் ஒழுங்கைக் கேளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் கோதுமை அப்பமும், வேறொன்றும் கலவாத இயற்கையான திராட்சை இரசமும்தான் செல்லும். லுத்தரன் சபைகளில் வழக்கமாகத் திராட்சை இரசம். மெதடிஸ்டுகளிடையே புளிக்காத சாறு பரவியதற்கு அமெரிக்கரான தாமஸ் வெல்ச் 1869-இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்த முறை வழிவகுத்தது.

ரிபேனா திராட்சை அல்ல, பிளாக்கரண்ட். "திராட்சப்பழரசம்" என்று இயேசு சொன்னதை (மத்தேயு 26:29) மதித்துத் திராட்சையையே வாங்குங்கள். புட்டியில் 100 விழுக்காடு திராட்சைச் சாறு என்று இருக்க வேண்டும், "திராட்சைச் சுவை" என்று இருந்தால் அது சர்க்கரைத் தண்ணீர். சிறு கிண்ணத்துக்கு 10 மில்லி என்றால் 40 பேருக்கு 400 மில்லி, சிந்துவதற்கும் வருகிறவருக்கும் சேர்த்து அரை லிட்டர் போதும். சனிக்கிழமையே ஊற்றி வெளியே வைக்காதீர்கள், நம் வெயிலில் ஒரே இரவில் புளிக்கத் தொடங்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்து, ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்பு ஊற்றுங்கள். முடிந்ததும் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டாமல் நடத்துகிறவரும் உதவியாளரும் பருகிவிடட்டும், முடியாவிட்டால் ஆலயத்தின் பக்கத்தில் மண்ணில் ஊற்றுங்கள்.